பெர்லின் குழாயும் தேக்கா புகையும்

1857இல் பெர்லினில் வெர்னர் சீமென்ஸ் செய்த கருவி பார்வைக்கு எளியது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய். வெளிக்குழாயின் புறத்திலும் உள்குழாயின் அகத்திலும் ஈயத்தாள் மாதிரி மெல்லிய உலோகத் தகடு. நடுவே உள்ள ஒடுங்கிய இடைவெளியில் காற்றை விட்டு, தகடுகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஒரே பெரும்பொறியாக வெடிக்கவிடாமல் கண்ணாடி தடுத்துவிடும். அதற்குப் பதில் எண்ணற்ற நுண்பொறிகள் ஊதா ஒளியோடு எழுந்து அணையும். ஒவ்வொன்றின் ஆயுளும் சில நானோ விநாடிகள்தான். எலெக்ட்ரான்கள் மட்டும் கொதிக்கும், வாயு அவ்வளவாகச் சூடேறாது. குளிர் பிளாஸ்மா என்பது இதுதான்.

அதற்கு முதலில் கிடைத்த வேலை ஓசோன் தயாரிப்பு. பிரான்சின் நீஸ் நகரம் 1906இலேயே குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்தது. சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர்நிலையத்திலும் இன்று ஓசோனுக்கு இடமுண்டு.

டீசல் புகையிடம் குழாய் வந்தது வெகு காலம் கழித்து. அந்தப் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருப்பதால், நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும் பெட்ரோல் கார் வினையூக்கி இங்கே எடுபடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. எஸ். ரஜனிகாந்தின் குழு டீசல் என்ஜின் புகையைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்திப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. உள்ளே போகும் நைட்ரிக் ஆக்சைடில் பெரும்பங்கு நைட்ரஜன் டை ஆக்சைடாக வெளியே வரும். அப்படியே விட்டால் நுரையீரலுக்கு அது இன்னும் கேடு. அதனால் குழாய்க்குப் பின்னால் அதைப் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். அலுமினிய ஆலைகள் குவித்துவைக்கும் செஞ்சேற்றை அங்கே வைத்துச் சோதித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது: ஒரு தொழிலின் கழிவுக்கு இன்னொன்றின் நஞ்சைப் பிடிக்கும் வேலை.

ஆனாலும் லாரியில் குழாய் ஏறவில்லை. அதற்கு வேண்டிய மின்சாரத்தை அதே என்ஜின்தான் தரவேண்டும். அதற்குள் புகையைச் சுத்தம் செய்வதில் யூரியா கரைசலும் கரித்துகள் வடிகட்டியும் முந்திக்கொண்டன. சிங்கப்பூரில் 2018 ஜனவரி 1 முதல் புதிய டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 புகைத் தரம் கட்டாயம்.

முன்பே பதிவான லாரிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேக்காவில், சிராங்கூன் சாலை சிக்னலில் அப்படி ஒன்று உறுமி நிற்கும்போது, பின்னால் நிற்கும் லாரியின் திறந்த தட்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கண்ணாடி ஏற்றிவிட்ட காருக்குள் இருப்பவருக்கு உள்ள மறைப்பு அவர்களுக்கு இல்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. இவர்களுக்காகப் பிளாஸ்மா முதிரும்வரை காத்திருப்பது அநியாயம். பழைய லாரிகளைச் சீக்கிரம் மாற்றுவதே முறை.

குழாய்க்கு ஏற்ற இடம் கடல் என்று நினைக்கிறேன். கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் சிங்கப்பூர் உலகில் முதலிடம். கப்பலில் இடமும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. புகையை நீரால் கழுவும் கருவி கந்தக வாயுவைப் பிடித்துவிடும்; நைட்ரிக் ஆக்சைடு நீரில் எளிதில் கரையாமல் தப்பிவிடும். பிளாஸ்மா அதை உருமாற்றிக் கொடுத்தால் அதையும் கழுவலாம். ஐரோப்பாவில் இந்த இணைப்பைச் சோதித்திருக்கிறார்கள். கழுவிய நீரைத் துறைமுகக் கடலில் கொட்டும் கருவிகளைச் சிங்கப்பூர் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. ஆகவே இங்கே வரும் குழாய், கழுவிய நீரைக் கப்பலிலேயே தேக்கிச் சுத்திகரிக்கும் தொட்டியோடுதான் வரவேண்டும்.