சிற்றலையும் பாசஞ்சர் வண்டியும்: கேட்டல் குறித்துச் சில குறிப்புகள்

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெளியே வந்து நிமிர்ந்தால் மலையின் உச்சி மொட்டையாக, சமதளமாக விரிந்து கிடக்கும். 5,326 அடி. 2009 மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, பக்கத்து ஊரிலிருந்த மலையாளி நண்பன் வீட்டிலிருந்து என் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். 9.15க்கு பிபிசி தமிழோசை. ஒரு சொல்கூடச் சிதறவில்லை. மூன்று மாதமாக ஈரோடு-சேலம் பாசஞ்சரில் நான் கேட்டுவந்த அதே நிகழ்ச்சிதான் இது என்று நம்ப முடியவில்லை. அப்படியானால் வண்டியில் நாங்கள் கேட்டது எதை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

தமிழில் அச்சின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, மேடைப் பேச்சும் சினிமாவும் ஏகத்துக்கு எழுதப்பட்டுவிட்டன. காதின் வரலாறு மட்டும் பெரும்பாலும் அறிவிப்பாளர்கள் பற்றிய நினைவேக்கமாகவே நின்றுபோயிற்று. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று குரல்களின் பட்டியலைச் சொல்லி உருகுகிறோம். கேட்டவன் எங்கே உட்கார்ந்து, யாரோடு, என்ன இரைச்சலுக்கு நடுவில் கேட்டான் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

'சிலோன் ரேடியோ' என்று நம் சனங்கள் சொன்ன நிலையத்தின் பிறப்பே யுத்தத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமை, சிப்பாய்களுக்காக இலங்கையில் ஒரு வானொலியை நடத்தியது. போர் முடிந்ததும் அதன் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இலங்கைக்கு மிஞ்சியது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பம். 1952இல் இங்கே மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தின் புனிதத்தைக் காக்க அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டினார். தேசம் எதைக் கேட்க வேண்டும் என்று டெல்லி தீர்மானித்தது. சனம் குமிழைத் திருகிக் கொழும்புக்குப் போய்விட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று.

உயர்சாதி ரசனையின் தோல்வியாக இதைக் கொண்டாடுவது எளிது, நானும் கொண்டாடியிருக்கிறேன். ஆனால் கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். அந்தப் பாட்டுகள் வந்த தேசத்தில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தபடி சிலோன் கேட்ட கூலிக்கு, அதே காற்றின் மறுமுனையில் கொழுந்து பறித்த கூலியைப் பற்றி அந்தக் குரல் எதுவும் சொல்லவில்லை. நண்பனின் அப்பா அன்றைக்கு ராத்திரி சொன்னார்: "சிலோன்ல பாட்டு வெப்பாந் தம்பி, பொறந்தநாள் வாழ்த்து சொல்லுவான். அங்க நம்மளாட்டம் எஸ்டேட்டு ஆளுக இருக்காங்கன்னு சண்டை வந்தப்பறந்தான எனக்குத் தெரியும்." நாம் சிலோனைக் கேட்டோமே தவிர இலங்கையைக் கேட்கவில்லை.

மாஸ்கோ, பெய்ஜிங், மணிலாவின் வேரித்தாஸ், அவற்றைச் சுற்றி முளைத்த நேயர் மன்றங்கள் எல்லாம் தனியாக எழுதப்பட வேண்டியவை. ரயிலுக்கு வருகிறேன்.

ரயில் பெட்டி ஒரு இரும்புக் கூண்டு. அலை உள்ளே வராது. ஏரியலை நீட்டி ஜன்னல் கம்பிக்கு வெளியே பிடிக்க வேண்டும், அதனால் ஜன்னலோர சீட்டு ரேடியோக்காரனுக்கு என்று சீசன் டிக்கெட்காரர்களிடம் எழுதப்படாத ஒப்பந்தம். எங்கள் பாதை மின்மயமானது. தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. எஞ்சினின் கொக்கி அதில் உரசித் தெறிக்கும் பொறியெல்லாம் ரேடியோவில் கரகரப்பாக விழும். வண்டி நிலையத்தில் நின்றால் இரைச்சல் தணியும். ஆக சங்ககிரியில் லண்டன் பேசும், மாவேலிபாளையம் வரைக்கும் கரகரக்கும், கிராசிங்குக்காக மகுடஞ்சாவடியில் போட்டுவிட்டால் நாலு வாக்கியம் முழுசாகக் கிடைக்கும். மகுடஞ்சாவடிக் கிராசிங்கை நாங்கள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. மற்றபடி அதைத் திட்டாத நாள் இல்லை.

ஃபனான் அல்ஜீரிய வானொலி பற்றி 1959இல் எழுதியது இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது. 1956இல் வந்த விடுதலைப் படையின் ஒலிபரப்பை பிரெஞ்சு ராணுவம் இரைச்சலால் அடைத்தது. ஒருவர் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்பார், அறையில் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். இன்ன சண்டையைச் சொன்னானா என்று கேட்பார்கள். அவருக்குக் கேட்டிருக்காது. கூடிப் பேசி, சொல்லத்தான் செய்தான் என்று முடிவெடுப்பார்கள். செய்தி காலனிய எஜமானிடமிருந்து பிடுங்கப்பட்டுக் கேட்பவர்களின் கூட்டுப் படைப்பாகிறது என்பது ஃபனானின் வாசிப்பு. எம்.ஏ. படித்த காலத்தில் அந்தப் பக்கங்களை அடிக்கோடிட்டுப் படித்தேன். வண்டியில் அதுதான் நடக்கிறது என்று எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

2009 பிப்ரவரியில், நிகழ்ச்சிகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொடர்ந்து இடைமறித்ததால் பிபிசி அதற்குத் தந்துவந்த பண்பலை அஞ்சலை நிறுத்திக்கொண்டது. அங்கேயும் சனம் சிற்றலைக்குத் திரும்பியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். எங்கள் பெட்டியில் ஜவுளிச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள், தறிக்காரர்கள், அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த நான். தினமும் பத்துப் பதினைந்து தலைகள் ஒரு ரேடியோவைச் சுற்றி.

மே 18. அரசு சொல்லிவிட்டது, நாங்கள் நம்பவில்லை. கரகரப்புக்கு நடுவில் 'மறுப்பு' என்று ஒரு சொல் விழுந்தது. யார் மறுத்தார்கள், எதை மறுத்தார்கள் என்பது போய்விட்டது. "மறுத்துட்டாங்கய்யா, உயிரோடதான் இருக்காரு" என்றார் ஒருவர். நானும் 'ஆமாம், அப்படித்தான் கேட்டது' என்றேன். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. மே 24ஆம் தேதி இயக்கத்தின் சார்பில் பத்மநாதன் பிரபாகரனின் மரணத்தை ஒப்புக்கொள்ளும்வரை அந்த ஒரு சொல்லை வைத்து ஆறு நாள் ஓட்டினோம்.

ஃபனானைக் குறை சொல்லவில்லை. அங்கே வெல்லப்போகிற ஒரு போராட்டம் இடைவெளிகளை நிரப்பியது. தோற்றுக்கொண்டிருந்த ஒன்றின் இடைவெளிகளை நாங்கள் எதனால் நிரப்பினோம்? நாயகனால். எங்கள் கூட்டுக் கேட்டல் ஒரே ஒரு உயிர் பற்றியதாகச் சுருங்கிப்போயிருந்தது. சினிமாவும் மேடையும் பழக்கிய காது அது. காதின் வரலாறு தனியாக இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

அந்த வட்டத்தில் பெண்கள் கிடையாது. காய்க் கூடைகளோடு கதவோரம் தரையில் உட்கார்ந்து வருவார்கள், ரேடியோ அவர்களுக்குக் கேட்காது. அன்றைக்கு அங்கிருந்து ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்: "ஏந்தம்பி, சனம் எத்தன பேரு செத்துருச்சுன்னு சொல்றானா?" "சும்மா இரும்மா, கேக்க உடு" என்றது யாருமில்லை, நான்தான். 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு, கடைசி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று எழுதியது. அந்தக் கேள்வியை வண்டியிலேயே கேட்டவர் ஒருவர் இருந்தார்.

மலை உச்சியில் தமிழோசை தெளிவாகக் கேட்டபோது அரைமணி நேரத்தில் முகாம்களைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள். வண்டியில் கேட்ட நாட்களிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நின்ற நிலையங்களில்கூட அது எங்கள் காதில் ஏறவில்லை.

2017 ஏப்ரல் 30இல் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இப்போது அதே வண்டியில் ஆளுக்கொரு இயர்போன். அந்தக் காலத்தின் கூட்டுக் கேட்டல் போய்விட்டதே என்று எழுதச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். ஜன்னலோர சீட்டில் ஏரியலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் என்னால் அப்படி எழுத முடியவில்லை. அந்த அம்மா மகுடஞ்சாவடியில் இறங்குகிறவர். அதற்குப் பிறகும் பல நாள் பார்த்தேன், பேசவில்லை.