பளியர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வேட்டை, சேகரிப்புப் பழங்குடியினர். அட்டவணைப் பழங்குடிகளில் ஒருவர். தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களிலும், தென்காசி மாவட்டத்தில் வாசுதேவநல்லூரை ஒட்டிய தலையணை மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். இம்மலைத்தொடர்தான் இவர்களின் உலகம். காட்டு வள்ளிக்கிழங்கு மரபான முதன்மை உணவு, கூர்க்கம்பால் தோண்டுவர். செங்குத்துப் பாறைகளில் கொடியைப் பிடித்து இறங்கி மலைத்தேன் எடுப்பது ஆண்களின் பெருமைக்குரிய வேலை. வனதேவதையை வணங்குவர். 1960களில் இவர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலர் பீட்டர் கார்ட்னரை ஈர்த்தது, சண்டையைத் தவிர்க்கும் இவர்களின் வழக்கம்: மனம் புண்பட்டவர் திருப்பி அடிப்பதில்லை, விலகிப் போய்விடுவார். இன்று பலர் தோட்டக் கூலிகள்.