முதன்மைச் சிலியா இயக்கக்குறைபாடு: நுரையீரல் செயற்பாட்டுப் படமெடுப்பு

மூச்சுக்குழாய்ச் சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளான சிலியாக்கள் பிறவியிலேயே சரிவர அசையாத அரிய மரபுநோய் இது. பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம்வலம் மாறியிருக்கும். இந்நோய்க்குச் சிலியாக்களின் அசைவின்மையே காரணமென 1976இல் சுவீடன் அறிஞர் பியோர்ன் அஃப்செலியஸ் காட்டினார்.

இந்நோயாளிகளின் நுரையீரல் செயற்பாட்டை அளக்க ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, நுரையீரல் முழுவதற்கும் சேர்த்தே கணக்குத் தருவதால், சிறு குழாய்களில் தொடங்கும் அடைப்பு அதில் மறைந்துபோகும். குழந்தைகளின் நோயைக் கணிக்க இது பெருங்குறை. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்படி மிகைமுனைவாக்கிய செனான்-129 வாயுவை உள்ளிழுத்து, சில நொடிகள் மூச்சடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திலோ, காற்றுப் புகாத பகுதிகள் கருமையாகத் தெரியும். அவற்றின் விழுக்காட்டையும் அளக்கலாம். சிடி ஸ்கேன் போலக் கதிர்வீச்சு இல்லை. வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவைப்படும் சிறாருக்கு இது பெரும் பேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவ்வாயுவை நுரையீரல் காற்றோட்டப் படமெடுப்புக்கென 2022இல் ஏற்றது. வாயுவை முனைவாக்கும் கருவி தேவை என்பதால், இப்படமெடுப்பு சில மையங்களில் மட்டுமே கிடைக்கிறது.