வெள்ளாடும் களையும்: மேய்ச்சலைக் களைநீக்கத்தின் உபாயமாகக் கொள்வது குறித்து ஒரு விசாரணை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் வேளையில், மேற்கு மாம்பலத்தில் இன்னும் கட்டடம் எழாத மனைகளில் நாயுருவியும் துத்தியும் ஊமத்தையும் இடுப்பளவு தழைத்து நிற்பதைக் காண்கிறோம். 1923 முதலாக மாம்பலம் ஏரியின் நீரை வடித்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள் என்பதையும், அந்த ஏரிக்கும் இருப்புப்பாதைக்கும் மேற்கே விரிந்த ஊர் இது என்பதையும் நினைத்தால், இம்மண்ணில் களை செழிப்பதில் வியப்பில்லை. மருந்து தெளிப்பதைவிட வெள்ளாட்டை மேயவிடுவதே சிலாக்கியம் என்ற அபிப்பிராயம் இன்று மேல்நாட்டு உதாரணங்களோடு நம்மிடம் வந்து சேர்கிறது. 2009-இல் கூகுள் நிறுவனம் கலிபோர்னியாவில் தன் வளாகத்துப் புதரை அகற்ற ஏறத்தாழ 200 ஆடுகளை வாடகைக்கு அமர்த்தியது. 2013-இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்திலும் ஆடுகள் இவ்வேலைக்கு வந்தன. அபிப்பிராயம் எனக்கும் சம்மதமே. ஆயினும், களை அடங்குவது ஆட்டை நடத்துகிறவனுடைய விவேகத்தினால்தான் என்பதும், அந்த விவேகம் வயல்களில் ஆட்டுமந்தையை இரவில் நிறுத்தும் நம் கிடைக்காரர்களிடம் நெடுங்காலமாக இருந்து வருவது என்பதும் என் துணிபு.

செம்மறி தலைகுனிந்து புல்லைக் கறிக்கும். வெள்ளாடு பின்னங்கால்களில் எழுந்து நின்று தழையை எட்டிப் பறிக்கும். எனவே புதர் மண்டிய இடத்துக்கு வெள்ளாடே உகந்தது. ஆனால் அதன் வாய்க்கு எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுவது பிழை. ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்னும் பெயர்களை நோக்குக. ஆடு எதைத் தொடாது என்று கூர்ந்து கவனித்த மக்கள், அந்தக் கவனிப்பையே செடிக்குப் பேராக இட்டுவிட்டார்கள். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட தாவர நூலிலும் ஆடாதோடை என்னும் சொல் லத்தீன் உருக்கொண்டு செடியின் பெயராக இடம்பெற்றிருக்கிறது. தாவர சாஸ்திரத்துக்கு நம் மேய்ப்பர்கள் தந்த கொடைகளில் ஒன்றாக இதைப் போற்றத் தோன்றுகிறது. ஊமத்தையையும் எருக்கையும் ஆடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உண்ணிச்செடியைத் தின்றாலோ ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். வீட்டு வேலிகளில் பூத்து நிற்கும் அரளி உயிரையே மாய்க்கும். ஆகவே, காவலின்றி விடப்பட்ட ஆடு தான் விரும்பியதைத் தின்று தீர்க்க, அது வெறுத்த செடிகள் போட்டியின்றி விருத்தியாகி மனை முழுவதையும் கவிந்துகொள்ளும்.

இதனினும் கொடிய விளைவுக்குச் சீமைக்கருவேலம் சாட்சி. 1870-களில் சென்னை மாகாணத்து வன அதிகாரிகள் விறகுக்காக அதனை வரவழைத்தார்கள். அதன் இலையைக் கால்நடைகள் விரும்புவதில்லை, இனிக்கும் நெற்றையோ ஆசையோடு தின்னும். பல்லில் அரைபடாது தப்பிய கடினத் தோல் விதைகள் குடலைக் கடந்து, எருவோடு மண்ணில் விழுந்து முளைக்கின்றன. களையெடுக்க அழைத்த பிராணியே இவ்விடத்தில் களையை விதைத்துவிடுகிறது.

இவ்விரு தீங்குகளுக்கும் பரிகாரத்தைக் கிடைமுறையில் காண்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்குச் செல்வதும், அறுவடையான வயல்களில் இரவுதோறும் இடம் மாற்றிக் கிடை போடுவதும், எருவுக்காக உழவரிடம் கூலி பெறுவதும் நாம் அறிந்தவை. எரு வேண்டி ஏற்பட்ட வழக்கம்தான் இது. ஆயினும் சிறு இடத்தில், பல ஆடுகளை, சில பொழுது மட்டும் நிறுத்தும் அதன் தத்துவம் களைக்கும் பொருந்தும். நெருக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குப் பொறுக்கித் தின்ன அவகாசம் குறைவு. முன்பு ஒதுக்கிய தழையிலும் சிலவற்றை அது கடித்துவிடும். பூப்பதற்கு முன் மேயவிட்டால் விதையே விழாது. கோரையைப் போல மண்ணுக்குள் கிழங்கு வைத்த களை ஒரு மேய்ச்சலில் அழியாது. தளிர் விடுந்தோறும் திரும்ப மேய்த்தால்தான் கிழங்கிலுள்ள சத்து வற்றும். முற்றிய நெற்றைத் தின்ற மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டுமுன் சில நாள் பட்டியில் அடைத்துவைப்பது, விதை அங்கே கழிந்துபோகச் செய்யும் நல்ல உபாயம்.

மேற்கு மாம்பலத்து மனைக்கு இதைப் பிரயோகிக்க எண்ணுகிறவர், முதலில் அங்கே எறியப்பட்ட பிளாஸ்டிக் பைகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி அகற்ற வேண்டும். பை வயிற்றில் தங்கி ஆடு மடிவதை நகரவாசிகள் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்குத் துயரம் தருவது. அரளியையும் ஆமணக்கையும் மேயவிடுவதற்கு முன்பே ஆள் வைத்து வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதன் பிறகு, கார்த்திகை மழை விட்டதும், துத்தி பூக்கத் தொடங்குமுன், வலை கட்டி, மேய்ப்பர் ஒருவர் அருகிருக்க, ஆடுகளை உள்ளே விடலாம்.