கடற்கரைக் குத்தகையும் பங்குப் பேரவையும்

நம் குமரிக் கடற்கரைப் பங்குகளில் கோயில் வேறு, ஊர் வேறு என்று நாம் பிரித்துப் பார்த்ததில்லை. பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது நம் முன்னோர் வகுத்த முறை. அதைத் திரட்டும் உரிமையை ஏலம் விடுவார்கள். குத்தகை என்றே அதைச் சொல்லி வந்தோம். கோயில் செலவும் ஊர்ப் பொதுக்காரியங்களும் அப்பணத்தைச் சார்ந்தே நின்றன.

அப்பணத்தைச் செலவிடுவதில் மக்களின் குரல் என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் பணி பற்றிய ஏடு, இயன்றால் பங்குகளிலும் பேரவை அமைக்கச் சொன்னது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதைத் தெளிவாக்கிற்று. பங்குத்தந்தை தலைமையில் கூடும் பேரவை ஆலோசனை கூறும் (536). நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே தீர வேண்டும் (537). குறித்த நோக்கத்திற்கென்று கொடுத்த காணிக்கையை வேறெதற்கும் எடுக்கலாகாது (1267). கொடுத்த மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் (1287).

ஆகவே நோயாளிக்கென்று திரட்டிய பணம் திருவிழாப் பந்தலுக்குப் போகக் கூடாது; மாணவர் உதவிநிதி கொடிமரத்திற்குப் போகக் கூடாது. அலையோடு போராடி ஈட்டிய காசு அது. வரவு செலவு சபையறிய வாசிக்கப்படும் பங்கில்தான் கொடுக்கிற கை தயங்காது. ஜூபிலி காணும் நாம் இம்முறையை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்வோமாக!