புழுங்கலரிசி காத்த உயிர்கள்

மலாய் நாட்டில் தமிழர் வாழ்ந்த சரித்திரத்தை எழுதப் புகுவோர் ரப்பர் விலையிலிருந்தும் கப்பல் கணக்கிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அது தவறன்று. ஆயினும் மனிதன் உண்டுதான் உழைக்கிறான். அவன் உண்டது என்ன, அதனை ஆக்கியவர் யார், எப்படி ஆக்கினர் என்னும் கேள்விகளுக்கு நம் சரித்திர நூல்களில் இடம் மிகவும் குறைவு. இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் நம் வீட்டுப் பானையில் வேகும் புழுங்கலரிசி. அடுப்பங்கரைச் சமாசாரம்தானே என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற ஒரு கொடிய நோய் நம்மவர் லயங்களைப் பெரும்பாலும் தீண்டாமல் சென்றது. அதற்குக் காரணம் மந்திரமும் அன்று, மருந்தும் அன்று. நெல்லை அவித்துக் குத்தும் நம் பெண்களின் பழக்கமே.

தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களில் ஆலைகள் பெருகுமுன் நெல் அவித்தல் வீட்டு வேலையாகவே இருந்தது. முதல்நாள் மாலையில் நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பதர் மேலே மிதக்கும். அதனை அரித்து எறிந்துவிடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் கல் கூட்டி, அண்டாவை ஏற்றி, அடியில் சிறிதளவே தண்ணீர் விட்டு, ஊறிய நெல்லை நிரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, உமியும் சுள்ளியும் இட்டு எரிப்பார்கள். ஆவி மேலே எழுந்து நெல் வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். சற்றே தாமதித்தால் அரிசி பிதுங்கிச் சோறாகிவிடும். சற்றே முந்தினால் அரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு நின்று, குத்தும்போது நொறுங்கும். கடிகாரம் இல்லாத வீட்டில் அந்தப் பதத்தை அறிவித்தது பெண்களின் மூக்கும் விரலுமே.

பிறகு களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவார்கள். கடும் வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் அரிசி வெடித்துவிடும். ஆகையால் பாதி காய்ந்ததும் நிழலில் குவித்துவைத்து மீண்டும் பரப்புவது உண்டு. அதன்பின் உரலும் உலக்கையும். இரு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிக் குத்தும்போது களைப்புத் தெரியாமலிருக்கப் பாடுவார்கள். வள்ளைப்பாட்டு என்று பழந்தமிழ் நூல்கள் சொல்வது இதனையே. மூங்கிற் பிளாச்சில் பின்னிச் சாணமோ வெந்தயக் கூழோ பூசி உலர்த்திய முறத்தில் புடைத்தால், உமி அடுப்புக்கும், தவிடு மாட்டுக்கும், நொய் கஞ்சிக்குமாகப் பிரிந்து போகும். ஒன்றும் வீண் இல்லை. அந்தக் கஞ்சியும் ஒரு துண்டு ஊறுகாயும், களத்து மேட்டில் வீசும் காற்றும் ஏழைக் குடியானவன் கண்ட இன்பங்களில் தலையாயவை என்று நாம் கூசாமல் கூறுவோம்.

இவ்வளவு சிரமம் எதற்காக? நம் முன்னோர்க்கு எல்லா விஞ்ஞானமும் தெரியும் என்று மேடைதோறும் முழங்குவோர் இருக்கின்றனர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும். அரிசி குறைவாக நொறுங்கும். பூச்சி எளிதில் அண்டாது. வடித்த சோறு குழையாது. உண்டவனுக்குப் பசி தாங்கும். பெண்கள் கண்டறிந்த காரணங்கள் இவை. நோயைத் தடுப்பதற்காக அவர்கள் நெல்லை அவிக்கவில்லை. ஆனால் பயன் கிட்டியது. அனுபவத்தால் கண்ட வழியில் நன்மை இருக்கலாம். அந்நன்மையின் காரணத்தை ஆராய்ச்சிதான் சொல்ல முடியும்.

இனிக் கடல் கடந்து வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் காப்பிக்கும், அதன்பின் ரப்பருக்குமாக நம்மவர் இந்நாட்டிற்கு இறக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது 1938-ல் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி வந்தவர்களால் களத்தையும் அண்டாவையும் உடன் கொண்டுவர முடியவில்லை. வாயின் ருசியை மட்டும் கொண்டுவந்தனர். புழுங்கலரிசி இல்லையேல் கூலிகள் தரிக்கமாட்டார்கள் என்பதைத் தோட்டத் துரைமார் விரைவில் உணர்ந்துகொண்டனர். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும், ஆலைகளில் அவித்துக் குத்திய அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இரங்கூன் ஆலைகளில் மூட்டை சுமந்தவர்களிலும் தெலுங்கரும் தமிழரும் பலர்.

அந்த அரிசி லயத்துக்கு வந்தபின் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சரித்திரக்காரர் விட்டுவிட்ட பகுதி இது. வெடிகாலை நாலு மணிக்குப் பெண் எழுவாள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் குறுக்குக் கட்டை அடித்துச் செய்த வாளியில் தண்ணீர் கொண்டுவருவாள். பால் டின்னால் அரிசி அளப்பாள். தேங்காய்ச் சிரட்டையில் மூங்கிற் காம்பு செருகிய அகப்பையால் துழாவி, சோறு வடித்து, கஞ்சியை உப்பிட்டு வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் பிந்தாமல் ஓட வேண்டும். பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அடுப்பு. 1920-களின் இறுதியில் சில வட்டாரங்களில் விதிக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுப்பு வேலைக்கு யாரும் காசு கணக்கிடவில்லை. இன்னும் பல வீடுகளில் கணக்கிடுவதில்லை. இரவில் மிஞ்சிய சோற்றில் அவள் தண்ணீர் ஊற்றி வைப்பாள். மறுநாள் அந்தப் பழையதுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் போதும். அதற்கு இணையான காலை உணவைத் துரை பங்களாவிலும் காணோம்.

இதே காலத்தில் லாருட்டிலும் கிந்தாவிலும் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ‘பெரிபெரி’ என்னும் நோயால் கொத்துக் கொத்தாக மாண்டனர். கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், முடிவில் இருதயம் நின்றுவிடும். இது தொற்று நோய் என்றனர் சிலர். நச்சுக் காற்று என்றனர் வேறு சிலர். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. ஆனால் அதே ஊர்களில், அதே மழையில் நனைந்து, அதே கொசுக்கடியில் வாழ்ந்த தமிழர்க்கு இந்நோய் அரிதாகவே கண்டது. (மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் நம்மவரைக் கொள்ளை கொண்டன, அதனை மறைத்து நாம் பெருமை பேச வரவில்லை.) தம் வயல் நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க் குடியானவரும் பெரும்பாலும் தப்பினர்.

இந்த வேற்றுமையைக் கூர்ந்து நோக்கியவர் நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர் உண்டது அவித்த அரிசி. நோயின் வேர் இங்கேதான் என்று அவர் 1907-ல் ஒரு பெரிய நூலே எழுதி வெளியிட்டார். வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று அவர் கருதியது பிழை. அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி.

கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்னும் வைத்தியர் 1906-ல் இதனைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, எதிரெதிர்க் கட்டடங்களில் வைத்து, ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். கட்டடத்தில் குற்றம் இருக்குமோ என்று ஐயுற்று, நடுவில் இடத்தையும் மாற்றிப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டவர்களில் பலர் நோய்ப்பட்டு 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் நோய் கண்டோர் இருவரே; அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். விஞ்ஞானம் இதனால் முன்னேறியது மெய். ஆயினும் சம்மதம் என்பதன் பொருளையே அறியாத பைத்தியக்காரர்கள்மீது நடந்த சோதனை இது. அந்தப் பதினெண்மரின் பெயரைச் சொல்வார் இல்லை. பயனை மட்டும் புகழ்ந்துவிட்டு இதனைக் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை.

அடுத்து, 1900-ல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், ஜெலெபுக் காட்டுப் பகுதியில் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே 1907 முதல் இத்தகைய சோதனையையே நடத்தினர். வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நின்றது. நஞ்சு என்னும் கொள்கை வீழ்ந்தது. அரிசியைத் தீட்டும்போது உயிருக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்பது உறுதியாயிற்று. இதற்கு முன்பே ஜாவாவில் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர், ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், சோறு மாறியதும் தேறுவதையும் கண்டிருந்தார். கோழிக்கும் பட்டாளத்துச் சோறா என்று புதிய சமையற்காரர் மறுத்துவிட்டதே அந்த மாற்றத்துக்குக் காரணம் என்பது சுவையான செய்தி. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்துக்கு இன்று தயமின் என்றும், வைட்டமின் பி1 என்றும் பெயர்.

அவித்தலில் நடப்பது இதுதான். நெல் நீரில் ஊறி ஆவியில் வேகும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து கரைந்து அரிசியின் உட்புறம் சென்று தங்கிவிடுகிறது. மாவு இறுகி அதனைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் எவ்வளவு குத்தினாலும் கழுவினாலும் முழுவதும் போவதில்லை. வடித்த கஞ்சியிலும் பழையதின் நீராகாரத்திலும் ஓரளவு இறங்குகிறது. கஞ்சியைக் கீழே ஊற்றாமல் குடித்த ஏழை அதனையும் இழக்கவில்லை. பட்டணம் குடியேறி, கஞ்சியைச் சட்டைக்குப் போட்டு விறைப்பாக நடந்தவர் இழந்தார்.

இவ்வரிசியை நம்மவரே இழிவாக எண்ணியதுதான் விந்தை. அவித்த நெல் ஒருமுறை வெந்துவிட்டதாம். ஆகையால் படையலுக்கும் ஆசாரத்திற்கும் பச்சரிசிதான் உகந்ததாம். உயர்ந்தவர் உணவு பச்சரிசி, உழைப்பவன் உணவு புழுங்கல் என்று சாதி சோற்றுப் பானைக்குள்ளும் நுழைந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் உத்தியோகம் பெற்ற சிலர் விருந்தாளி வந்தால் புழுங்கலை மறைத்து, சயாம் அரிசி வாங்கி ஆக்கினர். பண்டிகைக்கு வெண்மையான சோறு உண்பதில் குற்றமில்லை. அது ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் தன் தாய் ஆக்கிய சோற்றுக்கு வெட்கப்படுவது வேறு.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை வெளியிலிருந்து வாங்கிய நாடு இது. கப்பல் வரத்துக் குன்றியதும் லயத்துப் பானையில் மரவள்ளிக் கிழங்கு ஏறியது. நம் பெண்கள் அதனை அவித்தனர்; துருவிப் பிழிந்து புட்டாக்கினர்; உலர்த்தி இடித்து ரொட்டி சுட்டனர். கைத்திறன் குறையவில்லை. ஆனால் கிழங்கில் மாவு உண்டு, தயமின் மிகச் சொற்பம். வீங்கிய காலும் ஆறாத புண்ணும், முன்னர் அவற்றை அதிகம் அறியாத லயங்களில் தோன்றின. 1942-லும் 1943-லும் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கதி இதனினும் கொடிது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவும் மலேரியாவும் பெரிபெரியும் பட்டினியும் சேர்ந்து பல்லாயிரம் தமிழரை விழுங்கின. எந்த நோயால் எத்தனை பேர் என்று எழுதிவைக்க அங்கே ஆளில்லை. தகப்பன் திரும்பாத வீடுகளில் தாய்மார் அதே பால் டின்னால், அளவைக் குறைத்து, அரிசி அளந்தனர். 1945-ல் போர் முடிந்த பின்னும் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்பது உடனே ஒழியவில்லை.

இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் கடைகளில் பொன்னிப் புழுங்கல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீதம் வரி விதித்தது. அது 2024 அக்டோபரில் நீங்கியது. அந்தப் பொன்னிக்கு ஒரு பூர்வோத்திரம் உண்டு. தைவானின் தைச்சுங் நெல்லையும் மலாய் நாட்டின் மாயாங் எபோஸ் நெல்லையும் கலந்து உருவாக்கி, 1965-ல் மலேசியாவில் வெளியிட்ட இரகம் மசூரி. லங்காவித் தீவுக் கதையில் வரும் பெண்ணின் பெயரும் அதுவே. அந்நெல் தமிழகம் சென்று, காவிரியின் பெயரால் பொன்னி எனப்பட்டது. வெள்ளைப் பொன்னி என்னும் இரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. தஞ்சையிலிருந்து வந்தது என்று நாம் விரும்பி வாங்கும் மூட்டைக்குள் இருப்பது, இங்கிருந்து போய் அங்கே அவிபட்டுத் திரும்பி வந்த மலாய் மண்ணின் நெல்.