பங்குதாரரும் வாக்காளரும்



கம்பெனி ஒன்றில் எனக்குப் பத்துப் பங்குகள் உண்டு. அதன் ஆண்டறிக்கை கைக்கு வரும்போதெல்லாம் ஒரு வினா என்னுள் எழும். என் பணமும் கலந்துள்ள நிதியிலிருந்து ஒரு கட்சிக்கு நன்கொடை வழங்க இயக்குநர்களுக்கு உரிமை உண்டா? அது நான் வாக்களிக்காத கட்சியாகவும் இருக்கலாமன்றோ?

இவ்வினா புதியதன்று. 1957 ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இது வழக்காகவே வந்தது. அரசியல் கட்சிகளுக்கு நிதி வழங்க இடந்தருமாறு தன் அமைப்பு விதிகளைத் திருத்த விரும்பியது டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி. பங்குதாரர் ஒருவர் அதனை எதிர்த்தார். தலைமை நீதிபதி எம். சி. சாக்லா, சட்டத்தில் தடை இல்லாமையால் திருத்தத்திற்கு இசைந்தார். ஆயினும், இவ்வழக்கம் பெருகினால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக் கூடுமென எச்சரித்து, நாடாளுமன்றம் இதனை ஆராய வேண்டுமென்றார்.

நாடாளுமன்றமும் செவிசாய்த்தது. 1960 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நன்கொடைக்கு வரம்பு கட்டியது. ஆண்டுக்கு 25,000 ரூபாய், அல்லது மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 5. இவற்றுள் எது மிகுதியோ அதுவே எல்லை. கொடுத்த தொகையையும், பெற்ற கட்சி அல்லது தனியாளின் பெயரையும் கணக்கில் காட்ட வேண்டும். 1969 இல் கம்பெனி நன்கொடை அடியோடு தடுக்கப்பட்டது. முன்வாசலை அடைத்துவிட்டால் பணம் நின்றுவிடுமா? கணக்கில் வராத பணம் பின்வாசல் வழியே புகுந்தது. ஆகவே 1985 இல் 5 விழுக்காடு என்ற எல்லையுடன் வாசல் மீண்டும் திறக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 7.5 விழுக்காடாக உயர்த்தியது.

2017 இல் அவ்வெல்லையும் நீக்கப்பட்டது. எக்கட்சிக்கு ஈந்தோமெனக் கணக்கில் காட்டும் கடமையும் நீங்கியது. 2018 இல் வந்த தேர்தல் பத்திரமோ கொடுத்தவர் பெயரைப் பொதுமக்கள் அறியவொட்டாமல் மறைத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இவை செல்லாவென ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறதென அறிவது வாக்காளரின் உரிமை என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி.

1957 இல் வினா எழுப்பியவர் பங்குதாரர். 2024 இல் விடை பெற்றவர் வாக்காளர். கம்பெனிக் கூட்டத்தில் பத்துப் பங்குக்குப் பத்து வாக்கு. ஆயிரம் பங்குக்கு ஆயிரம் வாக்கு. வாக்குச்சாவடியிலோ செல்வருக்கும் ஏழைக்கும் ஒன்றே வாக்கு. முன்னதன் கணக்கு பின்னதற்குள் நுழையாமல் காப்பதற்கே இத்தனை சட்டங்களும் என்பதை, நாளை வாக்களிக்கப்போகும் நீங்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.